அவுட் ஆஃப் நெட்வொர்க் தெரபி: கம்பெனி பெனிஃபிட்ஸ் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அக்டோபர் கடைசியில் ஓபன் என்ரோல்மென்ட், அதாவது அடுத்த ஆண்டுக்கான காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் காலம், தொடங்கியதும் உங்களிடமிருந்து மின்னஞ்சல்கள் வரிசையாக வரும். கூடவே ஒரு பிடிஎஃப். அதில் ஒரு பக்கம் முழுக்க மனநலம், ஜன்னலோரம் காபிக் கோப்பையோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கும் படம், உங்கள் மனநலத்தில் எங்களுக்கு அக்கறை உண்டு என்கிற மாதிரி ஒரு வாசகம். அதே பிடிஎஃப்பில் சில பக்கங்கள் தள்ளி, அட்டவணையின் வலது ஓரத்தில், "அவுட் ஆஃப் நெட்வொர்க்: டிடக்டிபிளுக்குப் பிறகு 70 சதவீதம்" என்று ஒரு வரி இருக்கும். திட்டத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவர்களின் வட்டம்தான் நெட்வொர்க். அதற்கு வெளியே போனால், டிடக்டிபிள் என்கிற ஒரு தொகை வரை ஆண்டுதோறும் ஊழியரே கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு 70 சதவீதம் திட்டம் கொடுக்கும் என்று பொருள். இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது.

அமெரிக்க நிறுவனங்களில் ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டைத் தேர்வு செய்கிற உங்களுக்குத்தான் எழுதுகிறேன், காப்பீட்டு நிறுவனத்துக்கு அல்ல. அட்டையில் அச்சாகியிருப்பது அவர்கள் பெயர் என்பதால் எல்லோரும் அவர்களைத்தான் திட்டுகிறோம். ஆனால் வேலை வழியாகக் காப்பீடு பெறுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேர் செல்ஃப் ஃபண்டட் திட்டங்களில்தான் இருக்கிறார்கள். அங்கே மருத்துவச் செலவுக்குப் போவது கம்பெனியின் பணமும் எங்கள் சம்பளத்தில் பிடிக்கிற பணமும்தான். காப்பீட்டு நிறுவனம் வெறும் நிர்வாகி, கிளெய்மைப் பார்த்துப் பணம் அனுப்புவதற்கு உங்களிடம் கட்டணம் வாங்குகிறது, அவ்வளவுதான். எதற்குக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்ற ஆவணத்துக்கு ஒப்புதல் தருவது நீங்கள். இது பெரும்பாலான ஊழியர்களுக்குத் தெரியாது. "இன்ஷூரன்ஸ்காரன் கொடுக்க மாட்டேங்கிறான்" என்று சலித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கும் அது வசதியாகவே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன், தெரிந்தே.

உங்கள் தரப்பிலிருந்து முதலில் வரக்கூடிய பதில் எனக்குத் தெரியும். "நெட்வொர்க்குக்குள் ஆயிரக்கணக்கான தெரபிஸ்ட்கள் இருக்கிறார்களே, வெளியே போவது ஊழியரின் விருப்பம்தானே?" என்பீர்கள். சரி, அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு நாள் உட்கார்ந்து போன் செய்து பாருங்கள். ஒரே தெரபிஸ்டின் பெயர் ஐந்து முகவரிகளில் இருக்கும், தேடல் முடிவில் அவர் ஐந்து பேராகத் தெரிவார். இன்னொருவர் குழந்தைகளை மட்டும் பார்ப்பவர். இன்னொருவர் ஆஸ்பத்திரியில் உள்நோயாளிகளை மட்டும் பார்ப்பவர். அப்புறம் ஒருவர், "நான் அந்த நெட்வொர்க்கை விட்டு எப்போதோ வந்துவிட்டேன், பெயரை எடுங்கள் என்று நானும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்" என்பார். நான் அழைத்தபோது இப்படிச் சொன்னவர் பாவம், என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார். மிச்சமிருப்பவர்களின் குரலஞ்சல் பெட்டி நிறைந்திருக்கும், அல்லது புதியவர்களை இப்போது எடுப்பதில்லை என்று பதிவு செய்த குரல் சொல்லும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

இது என் ஒருவனின் புலம்பல் இல்லை. 2023 மே மாதம் அமெரிக்க செனட்டின் நிதிக் குழு ஊழியர்கள், செனட்டர் ரான் வைடன் தலைமையில், பெரும்பாலும் முதியோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேரைத் தனியார் வழியாகத் தரும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களின் பட்டியலில் இருந்த 120 மனநல மருத்துவர்கள், தெரபிஸ்ட்களை அழைத்துப் பார்த்தார்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்க முடிந்தது 18 சதவீத அழைப்புகளில் மட்டும். அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 13 காப்பீட்டுத் திட்டங்களின் பட்டியல்களிலிருந்து ஏறக்குறைய 400 பேரை அழைத்தது. 86 சதவீதம் பேய்ப் பெயர்கள்: தொடர்புகொள்ள முடியவில்லை, அல்லது நெட்வொர்க்கில் இல்லை, அல்லது புதியவர்களை எடுப்பதில்லை. ஆர்டிஐ இன்டர்நேஷனல் என்ற ஆய்வு நிறுவனம் 2024-இல் வெளியிட்ட கணக்கு இன்னும் நேராக விஷயத்துக்கு வருகிறது. மற்ற மருத்துவர்களோடு ஒப்பிட்டால், மனநல சிகிச்சைக்கு மக்கள் நெட்வொர்க்குக்கு வெளியே போவது 3.5 மடங்கு அதிகம். உளவியலாளர்களை மட்டும் எடுத்தால் 10.6 மடங்கு. அதே ஆள், அதே திட்டம், அதே அட்டை. எலும்பு முறிந்தால் நெட்வொர்க்குக்குள்ளேயே டாக்டர் கிடைக்கிறார், மனம் உடைந்தால் மட்டும் வெளியே போக "விரும்புகிறார்" என்றால் அது விருப்பமா?

இப்போது அந்த 70 சதவீதத்துக்கு வருவோம். பெரும்பாலான ஊழியர்கள் இதைப் படித்துவிட்டு, தெரபிஸ்ட் 200 டாலர் வாங்கினால் 140 டாலர் திரும்ப வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நினைக்கத்தானே செய்வார்கள்? நீங்கள் எழுதியிருப்பது அப்படித்தானே இருக்கிறது. ஆனால் 70 சதவீதம் என்பது தெரபிஸ்ட் வாங்குகிற கட்டணத்தில் அல்ல, அலவ்டு அமவுண்ட் என்று திட்டம் தானே முடிவு செய்துகொள்கிற ஒரு தொகையில். அந்தத் தொகை எவ்வளவு என்று அட்டவணையில் இருக்காது, பிடிஎஃப்பில் இருக்காது, போனில் கேட்டால் "கிளெய்ம் வந்த பிறகுதான் சொல்ல முடியும்" என்பார்கள். அதாவது சிகிச்சையை முடித்து, பணத்தையும் கொடுத்த பிறகு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கட்டணம் 200 டாலர், அலவ்டு அமவுண்ட் 110, அவுட் ஆஃப் நெட்வொர்க் டிடக்டிபிள் 2,000 என்று வைத்துக்கொள்வோம். எதுவும் மிகைப்படுத்திய எண் இல்லை. ஜனவரியில் தொடங்கி வாரம் ஒரு தடவை தெரபிக்குப் போகிறவர் ஒவ்வொரு முறையும் 200 கொடுக்கிறார், ஆனால் டிடக்டிபிளில் ஏறுவது 110 மட்டும். ஆகவே அது நிரம்ப 19 அமர்வுகள் வேண்டும், அதாவது மே மாதம். அதுவரை கையிலிருந்து 3,800 டாலர் போயிருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு அமர்வுக்கும் திரும்ப வருவது 110-இல் 70 சதவீதம், அதாவது 77 டாலர். ஆண்டுக்கு 50 அமர்வு என்றால் மொத்தம் 10,000 டாலர் கொடுத்து 2,450 திரும்பப் பெறுகிறார். உங்கள் அட்டவணையின் 70, அவர் கையில் 24.5 ஆகிறது. இன்னொன்று பாருங்கள். அவர் சொந்தமாகக் கொடுத்தது 7,550 டாலர், ஆனால் ஆண்டுக்கு இதற்கு மேல் நோயாளி கொடுக்க வேண்டாம் என்கிற உச்சவரம்புக் கணக்கில் சேர்வது 3,050 மட்டும். மீதி 4,500 டாலர் திட்டத்தின் கண்ணுக்குச் செலவே இல்லை. அஃபோர்டபிள் கேர் சட்டம் விதித்த உச்சவரம்பும் நெட்வொர்க்குக்குள் நடக்கிற சிகிச்சைக்கு மட்டும்தான். நெட்வொர்க்குக்குள் ஆள் கிடைத்து ஒவ்வொரு முறையும் கோபே என்கிற நிலையான 30 டாலர் மட்டும் கொடுத்திருந்தால் அதே 50 அமர்வுகளுக்கு அவருக்கு 1,500 டாலரோடு முடிந்திருக்கும்.

இந்த அலவ்டு அமவுண்ட் எப்படித் தீர்மானமாகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு, உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். "வழக்கமான, நியாயமான கட்டணம்" என்று காப்பீட்டு நிறுவனங்கள் சொல்லிக்கொண்டிருந்த எண்கள் இன்ஜெனிக்ஸ் என்ற தரவுத்தளத்திலிருந்து வந்தன. அந்த இன்ஜெனிக்ஸ் யுனைடெட்ஹெல்த்தின் சொந்த நிறுவனம். நியூயார்க் அட்டர்னி ஜெனரலாக அப்போது இருந்த ஆண்ட்ரூ குவோமோ விசாரித்து, 2009-இல் யுனைடெட்ஹெல்த் 50 மில்லியன் டாலர் கொடுத்து, சுயேச்சையான ஒரு தரவுத்தளம் உருவாக வழி செய்தது. அப்படி வந்ததுதான் ஃபேர் ஹெல்த். உங்கள் ஊர் பின்கோடைப் போட்டால் ஒரு சிகிச்சைக்கு என்ன கட்டணம் வழக்கம் என்று யார் வேண்டுமானாலும் அதில் பார்க்கலாம். சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. பல திட்டங்கள் ஃபேர் ஹெல்த்தை விட்டுவிட்டு "மெடிகேர் கட்டணத்தில் இத்தனை சதவீதம்" என்று ஆவணத்தை மாற்றிக்கொண்டன. மாற்றியதில் கையெழுத்து யாருடையது என்று நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், இது உங்களுக்கே கசக்கும். 2024-இல் நியூயார்க் டைம்ஸ் மல்டிபிளான் (2025-இலிருந்து பெயர் கிளாரிடெவ்) என்ற நிறுவனத்தைப் பற்றி ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. நெட்வொர்க்குக்கு வெளியிலிருந்து வருகிற பில்களை எவ்வளவு குறைக்கலாம் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சொல்வது அதன் தொழில். பில்லுக்கும் கொடுத்த தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைச் "சேமிப்பு" என்று பெயரிட்டு, அதில் ஒரு பங்கைக் காப்பீட்டு நிறுவனமும் மல்டிபிளானும் கம்பெனியிடம், அதாவது உங்களிடம், கட்டணமாக வாங்குகின்றன. சில பில்களில் டாக்டருக்குக் கொடுத்ததைவிட இந்தக் கட்டணமே அதிகமாக இருந்தது என்று அந்தச் செய்தி காட்டியது. நம் கணக்குக்கே வாருங்கள். 200-ஐ 110 ஆக்கியதில் சேமிப்பு 90 டாலர். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் சதவீதம் மாறும், 30 என்று வைத்துக்கொண்டால் 27 டாலர். ஊழியருக்கு 77 கொடுத்துவிட்டு, அவருக்குக் குறைவாகக் கொடுத்ததற்காக 27 டாலர் வேறொருவருக்குக் கொடுக்கிறீர்கள். உங்கள் ஒப்பந்தத்தில் "ஷேர்டு சேவிங்ஸ்" என்ற சொல் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். தயவுசெய்து.

தெரபிஸ்ட்கள் ஏன் நெட்வொர்க்கில் சேர்வதில்லை என்று கேட்டால், பேராசை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலும் தனி ஆளாகத் தொழில் நடத்துபவர்கள் அவர்கள். வாரத்துக்கு இருபத்தைந்து பேரைப் பார்த்தாலே மனசு வற்றிப்போகும் வேலை. நெட்வொர்க்கில் சேர விண்ணப்பித்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கொடுக்கிற தொகையை ஏற்றிக் கேட்கலாம் என்றால், தனித்தனியாகத் தொழில் செய்பவர்கள் கூடிச் சேர்ந்து பேரம் பேசுவது ஏகபோகத் தடைச் சட்டத்தில் சிக்கும். தனியாகக் கேட்டால் வருகிற பதில் "வேண்டுமானால் விலகிக்கொள்ளுங்கள்". 90837 என்பது 53 நிமிடமோ அதற்கு மேலோ நீளும் அமர்வுக்கான குறியீடு, 90834 என்பது முக்கால் மணி நேரத்துக்கானது. 90837-ஐ அடிக்கடி போடுகிறவருக்கு, "மற்றவர்களைவிட நீங்கள் இதை அதிகம் பயன்படுத்துகிறீர்கள்" என்று ஒரு கடிதம் வரும். மிரட்டல் என்று அதில் எழுதியிருக்காதுதான். கொடுத்த பணத்தைப் பிறகு தணிக்கை என்ற பெயரில் திரும்பப் பிடுங்குவதும் உண்டு. இத்தனையும் தாங்கிக்கொண்டு நெட்வொர்க்கில் இருப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும், ஆனால் அவர்களிடம் இடம் இல்லை.

வெளியே போகிறவர் படும் பாடு தனி. அமர்வு முடிந்ததும் தெரபிஸ்ட் ஒரு சூப்பர்பில் கொடுப்பார், அதாவது காப்பீட்டுக்கு நாமே அனுப்ப வேண்டிய விவரமான ரசீது. தேதி, நோய்க் குறியீடு, சிகிச்சைக் குறியீடு, எங்கே நடந்தது என்பதற்கு இரண்டு இலக்கம், தெரபிஸ்டின் என்பிஐ என்கிற அடையாள எண், வரி அடையாள எண், கட்டணம். அலுவலக அறை என்றால் 11, வீட்டிலிருந்தே வீடியோவில் என்றால் 10. இந்த இரண்டு இலக்கம் விடுபட்டதற்காக என் கிளெய்ம் ஒன்று திரும்பி வந்தது. திரும்பியது என்று யாரும் சொல்லவில்லை, பணம் ஏன் வரவில்லை என்று நானே போர்ட்டலுக்குள் போய்த் தேடியபோது "கூடுதல் தகவல் தேவை" என்று ஒரு மூலையில் இருந்தது. அப்புறம் கிளெய்முக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று விளக்குகிற இஓபி என்ற தாள் வரும். மேலே கொட்டை எழுத்தில் "இது பில் அல்ல". கீழே ஒரு வரி: கட்டணம் 200.00, அனுமதித்தது 110.00, டிடக்டிபிளுக்கு 110.00, நாங்கள் கொடுத்தது 0.00. அந்த ஒரு வரியைப் படித்தவர் மறுபடி சூப்பர்பில் அனுப்ப மாட்டார். பலர் அனுப்புவதில்லை, எனக்குத் தெரிந்தவர்களிலேயே பலர். டிடக்டிபிளும் அதனால் ஏறாது. பதற்றத்தோடோ மனச்சோர்வோடோ இருக்கிற ஒருவரிடம் இந்தக் குமாஸ்தா வேலையையும் சேர்த்துக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

நோய்க் குறியீடு என்றேன். அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. குறியீடு இல்லாமல் பணம் வராது. அப்பா இறந்து ஊருக்குப் போக முடியாமல் போனவர், மணமுறிவின் நடுவில் இருப்பவர், இவர்களுக்கு நோய் என்று ஒன்று இருக்கிறதா? குடும்ப உறவுப் பிரச்சினை என்று இசட் வரிசைக் குறியீடு போட்டால் பெரும்பாலும் நிராகரிப்பு. ஆகவே வாழ்க்கை மாற்றத்துக்குப் பழக முடியாமல் வரும் மனக்கோளாறுகளுக்கான எஃப் 43.2 வரிசையில் ஏதாவது ஒன்றைத் தெரபிஸ்ட் போட வேண்டியிருக்கிறது, அது பொருந்துகிறதா என்று இருவரும் பேசித் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. கூடவே இன்னொரு பயம்: கம்பெனியின் பணம் என்றால், நான் எதற்குப் போகிறேன் என்பது கம்பெனிக்குத் தெரியுமா? மருத்துவத் தகவல்களின் ரகசியத்துக்கான ஹிப்பா சட்டம் அதற்குத் தடை போட்டிருக்கிறது, வேலை சம்பந்தமான முடிவுகளுக்கு இந்தத் தகவலை நீங்கள் தொடவே கூடாது. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தன் விசாவுக்குக் கம்பெனியை நம்பியிருக்கிற ஊழியருக்கு அது தெரியாது. அவர் 200 டாலரை அட்டையில் தேய்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். தகவல் எங்கே போகும், எங்கே போகாது என்று எளிய மொழியில் ஒரு பக்கம் எழுதி அனுப்ப உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

எங்கள் மாதிரி ஆட்களுக்கு இன்னும் ஒரு சிக்கல். அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறவர்கூட அம்மாவோடு நடந்த சண்டையைத் தமிழில்தான் சொல்ல முடியும். கிரீன் கார்டில் வந்து பிள்ளைகளோடு இருக்கிற பெற்றோருக்கு வேறு வழியே இல்லை. நோயாளி எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்த மாநிலத்தில் உரிமம் இருப்பவர்தான் பார்க்க முடியும். சைபாக்ட் என்ற மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தம் வழியாக வேறு மாநிலத்தவரைப் பார்க்கலாம் என்றால் அது உளவியலாளர்களுக்கு மட்டும், ஒப்பந்தத்தில் சேர்ந்த மாநிலங்களுக்கு மட்டும். இத்தனை சல்லடையிலும் சலித்து மிஞ்சுகிற தமிழ் பேசும் தெரபிஸ்ட் உங்கள் நெட்வொர்க்கில் இருந்தால் அது அதிர்ஷ்டம்.

ஊழியர்களுக்கான ஆலோசனைத் திட்டமான இஏபி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, இலவசம், நல்லதுதான். ஆனால் சில அமர்வுகளோடு அது முடிந்துவிடும், அப்போதுதான் பேச்சே தொடங்கியிருக்கும். தொடர்ந்து அவரையே பார்க்கலாம் என்றால் அவர் உங்கள் காப்பீட்டு நெட்வொர்க்கில் இருக்க மாட்டார். இஏபி விற்றவரும் காப்பீடு விற்றவரும் வேறு வேறு, இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி யாரும் கேட்கவில்லை. மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் பணம் ஒதுக்கும் கணக்குகளான எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ பற்றியும் சொல்வீர்கள். வரி மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2026-இல் தனிநபர் எச்எஸ்ஏ வரம்பு 4,400 டாலர், எஃப்எஸ்ஏ வரம்பு 3,400. நம் ஆள் கையிலிருந்து போனது 7,550.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்?

முதலில் உங்கள் நிர்வாகியான காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள். பட்டியலில் எத்தனை தெரபிஸ்ட்கள் என்று கேட்காதீர்கள், அதற்குப் பிரமாதமான ஓர் எண் தயாராக இருக்கும். அவர்களில் எத்தனை பேர் கடந்த ஆறு மாதத்தில் நம் திட்டத்துக்கு ஒரு கிளெய்மாவது அனுப்பினார்கள், அதில் எத்தனை பேர் புதிய நோயாளி ஒருவரையாவது எடுத்தார்கள் என்று கேளுங்கள். ஒப்பந்த ரகசியம், தர முடியாது என்று சொன்னால் நம்பாதீர்கள். 2021-ஆம் ஆண்டுக்கான ஒருங்கிணைந்த நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் அப்படிப்பட்ட வாய்ப்பூட்டு ஷரத்துகளைத் தடை செய்துவிட்டது. உங்கள் திட்டத்தில் அப்படி எதுவும் இல்லை என்று ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31-க்குள் அரசுக்கு உறுதிமொழி போவது உங்கள் பொறுப்பில்தான்.

அடுத்து, நெட்வொர்க்கில் ஆள் கிடைக்காவிட்டால் வெளியே பார்ப்பதை உள்ளே பார்த்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதும் கேப் எக்ஸெப்ஷன் என்ற விதிவிலக்கு, சிங்கிள் கேஸ் அக்ரிமென்ட் என்ற ஒரு நோயாளிக்கான தனி ஒப்பந்தம் என்று வழிகள் இருக்கின்றன, ஆனால் அவை இருப்பது கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும். கலிபோர்னியாவில் அவசரமற்ற தெரபி அப்பாயின்ட்மென்ட் பத்து வேலை நாளுக்குள் கிடைக்க வேண்டும், நெட்வொர்க்கில் முடியாவிட்டால் வெளியே ஏற்பாடு செய்து தருவது திட்டத்தின் கடமை, நோயாளி கொடுப்பது உள்கட்டணம்தான், அதாவது நெட்வொர்க்குக்குள் பார்த்திருந்தால் கொடுக்க வேண்டிய தொகை. ஆனால் ஊழியர் நலத் திட்டங்களுக்கான 1974-இன் எரிசா என்ற மத்தியச் சட்டத்தின் நிழலில் இருக்கிற செல்ஃப் ஃபண்டட் திட்டங்களை மாநில விதி தொடாது. உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. அதே விதியை உங்கள் ஆவணத்தில் நீங்களே எழுதிக்கொள்வதையும் யாரும் தடுக்கவில்லை. பத்து வேலை நாள், ஆள் கிடைக்கவில்லையா, உள்கட்டணம். ஊழியர் யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

மூன்றாவது, அலவ்டு அமவுண்டை வெளியே சொல்லுங்கள். முதல் மதிப்பீட்டுக்கான 90791, பிறகு 90834, 90837 என்று நாலைந்து குறியீடுகள்தான், பின்கோடுவாரியாக ஒரு பட்டியல் போட்டால் முடிந்தது. அந்தத் தொகையை ஃபேர் ஹெல்த் போன்ற சுயேச்சையான தரவோடு கட்டுங்கள். தன் பையிலிருந்து பணம் கொடுக்க வருகிறவருக்குத் தெரபிஸ்ட் முன்கூட்டியே கட்டண மதிப்பீடு எழுதித் தர வேண்டும் என்று எதிர்பாராத மருத்துவ பில்களைத் தடுக்க வந்த நோ சர்ப்ரைசஸ் சட்டம் 2022 ஜனவரி முதல் சொல்கிறது. மதிப்பீட்டைவிட 400 டாலர் அல்லது அதற்கு மேல் கூடினால் காப்பீடு இல்லாதவரும் காப்பீட்டைப் பயன்படுத்தாதவரும் முறையிடலாம். ஒற்றை ஆளாகத் தொழில் நடத்துகிற தெரபிஸ்ட் எழுதித் தர வேண்டிய ஒன்றை, ஆயிரக்கணக்கான கோடி புரளும் உங்கள் நிர்வாகியால் தர முடியாதா?

அதே சட்டம் பட்டியலை 90 நாளுக்கு ஒரு முறை சரிபார்க்கவும் சொல்கிறது. நெட்வொர்க்கில் இல்லாதவரை இருப்பதாகக் காட்டி, அதை நம்பி ஊழியர் போனால், உள்கட்டணத்துக்கு மேல் அவரிடம் வாங்கக் கூடாது. இந்த மடலைப் படிக்கிற ஊழியர்கள் யாராவது இருந்தால், பட்டியலில் பெயர் வந்த பக்கத்தை அன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அப்புறம் மாற்றிவிட்டு "எங்கள் பட்டியலில் இல்லையே" என்பார்கள். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கு 180 நாள் இருக்கிறது. அதையும் பெரும்பாலோர் பயன்படுத்துவதில்லை.

கடைசியாகச் சட்டத்தைப் பற்றி. மனநல சிகிச்சைக்கும் மற்ற சிகிச்சைக்கும் சமமான விதிகள் என்று 2008-இலேயே சட்டம் வந்தது. நெட்வொர்க்கை எப்படி அமைக்கிறீர்கள், வெளிக் கட்டணத்தை எப்படித் தீர்மானிக்கிறீர்கள் என்பதும் அந்தச் சமத்துவத்தில் அடங்கும், அதை ஒப்பிட்டு ஆராய்ந்து எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்று 2021-க்கான அந்த நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. 2024 செப்டம்பரில் வந்த கூடுதல் விதிகளை இப்போதைக்கு அமல்படுத்தப் போவதில்லை என்று 2025 மே மாதம் அரசு அறிவித்தபோது உங்களில் சிலர் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். ஆனால் 2008-இன் சட்டமும் அந்த ஆராய்ச்சி ஆவணமும் அப்படியே இருக்கின்றன. திட்டத்தில் இருக்கிற எவரும் எழுதிக் கேட்டால் 30 நாளுக்குள் அந்த ஆவணத்தைத் தர வேண்டும், தராவிட்டால் நீதிமன்றம் நாளொன்றுக்கு 110 டாலர் வரை அபராதம் விதிக்கலாம்.

அடுத்த ஜனவரிக்கான ஒப்பந்தங்களை நீங்கள் கோடைக்குள்ளேயே பேசி முடித்துவிடுகிறீர்கள், நவம்பரில் நாங்கள் "தேர்ந்தெடுக்க" வரும்போது எல்லாம் அச்சாகியிருக்கும். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். என் கம்பெனியின் பெனிஃபிட்ஸ் துறைக்கு அந்த ஒப்பீட்டு ஆவணத்தையும் வெளிக் கட்டண விதி இருக்கிற திட்ட ஆவணத்தையும் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் இந்த வாரம் அனுப்புகிறேன். அதே கடிதத்தின் மாதிரியைக் கேட்கிற சக ஊழியர்களுக்கும் கொடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் திட்டத்தில் இருக்கும் ஓர் ஊழியர்